யூசுப் பாயின் வண்டியில் இடது பக்கச் சீட்

செய்தி வந்தபோது நான் அசோக் நகரில் எங்கள் அலுவலகக் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நம் ஞாயிற்றுக்கிழமைப் பழைய கார்க் கூட்டத்துச் சேகர்தான் அழைத்தார். சேகர் என்னோடு வண்டியைத் தவிர வேறு எதையும் பேசி நான் கேட்டதில்லை. போனை எடுத்தால் கார்புரேட்டர், கிளட்ச் என்று மூச்சு விடாமல் போவார். அன்று வண்டிப் பேச்சே எடுக்கவில்லை. "யூசுப் பாய் போயிட்டார் கீதா. வண்டியிலயே. கீழ பார்க்கிங்ல" என்றார். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் என்பதை அவரோடு பழகிய நம் கூட்டத்தாரான உங்களிடம்கூட நான் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். யூசுப் பாய் தி.நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மகள் ஷமீனா கல்யாணமாகி ஹைதராபாத் போன பிறகு கடையை விட்டுவிட்டு, மந்தைவெளியில் மனைவியோடு இருந்தார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் வாங்கிய வெள்ளை நிற எண்ணூறு சிசி கார்தான் அவருக்குக் கடைசிவரை. அந்த மாதிரிப் பழைய சின்னக் கார்களை விடாமல் பிடித்து வைத்திருக்கும் சிலர் ஞாயிறு காலையில் அடையாறில் கூடுவோம். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் வண்டியை இன்னொருவர் குறை சொல்லி, டீ குடித்துவிட்டுக் கலைவோம். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். மறுத்துப் பேச எங்களிடம் ஆதாரம் கிடையாது.

ஒரு நாள் பாண்டி பஜார் சிக்னலில் அவர் வண்டிக்குப் பக்கத்தில் லாரி உயரத்துக்கு ஒரு புது வண்டி வந்து நின்றது. அதை ஓட்டி வந்த இளைஞர் மேலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். பாய் கோபப்படவில்லை. தலையை வெளியே நீட்டி, "தம்பி, வீட்டம்மா அந்தக் கோடியில உக்காந்திருக்காங்களே, கூப்பிட்டா கேக்குதா?" என்று விசாரித்தார். அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். சிக்னல் விழுந்ததும் என்னிடம், "வண்டி சின்னதா இருந்தாதான் தோள் இடிக்கும் கீதாம்மா. அதுக்குத்தான் வாங்கறது" என்றார். அவர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நான் பின் சீட்டில் இருந்தேன். அவருக்குத் தோள் இடித்துக்கொண்டு முன்னால் இருந்தவர் அவர் மனைவி மெஹருன்னிசா; எனக்கு மெஹர் ஆபா, அதாவது மெஹர் அக்கா.

மெஹர் ஆபாவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஆனால் பேசியிருக்க மாட்டீர்கள். ஆபா வண்டியை விட்டு இறங்க மாட்டார். இடுப்பு வலி. உட்காரும்போது இடது பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை எப்போதும் இரண்டு விரல் அளவு இறக்கி வைத்திருப்பார். முழுக்க ஏற்றினால் மூச்சு முட்டுகிறது என்பார், இன்னும் இறக்கினால் தூசி என்பார். வாயில் ஒரு கிராம்பு, இடுப்பில் வலித் தைலம். கதவைத் திறந்தாலே இரண்டும் கலந்த வாசம் அடிக்கும். நாங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்த இன்ஜினை நிக்காஹ் பண்ணியிருக்கலாம் இந்த மனுஷர்" என்று என்னிடம் சொல்வார். சொல்லிவிட்டு அவரே பாய்க்குப் பிளாஸ்கில் டீ ஊற்றுவார். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில், ஒரு வாரக் காய்ச்சலில், ஆபா இறந்துபோனார்.

அதற்குப் பிறகு பாய் செய்ததை நம்மைப் போன்றவர்கள் மட்டும்தான் செய்வார்கள். மனசு கனத்தால் மற்றவர்கள் அழுவார்கள், ஊருக்குப் போவார்கள். நாம் வண்டியைக் கழுவுவோம். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த கையோடு பாய் வண்டியின் உள்பக்கத்தை முழுக்கப் பிரித்துவிட்டார். கால்மிதிகளைத் தூக்கிப் போட்டார், கூரைத் துணியை மாற்றினார், கதவின் உள்ளோரம்வரை பிரஷ் போட்டுத் தேய்த்தார். ஆபா சாய்ந்து சாய்ந்து ஒரு பக்கம் அழுந்திப்போன இடது சீட்டைக் கழற்றிச் சீட் தைப்பவரிடம் கொடுத்துவிட்டு வேறு சீட் போட்டார். அடையாறுக்குக் கொண்டுவந்தபோது வண்டி அன்றைக்குத்தான் ஷோரூமிலிருந்து இறங்கியதுபோல இருந்தது. எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்தோம். சேகர் விசில்கூட அடித்தார்.

பாய் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாத்தியபடியே இருந்தார். வெகுநேரம் கழித்து இறங்கியபோது முகத்தில் ரத்தமே இல்லை. யாரிடமோ கேட்பதுபோல, "அவ வாசம் எங்க?" என்றார். ஆபாவின் புடவைகளை மகள் தானமாகக் கொடுத்துவிட்டிருந்தாள். மிச்சம் இருந்தது அந்த வண்டிக்குள் மட்டும்தான். அதைத் தன் கையால், சோப்பு போட்டு, அவரே கழுவித் தள்ளியிருந்தார். வேறு யாராவது செய்திருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொண்டிருப்பார்.

அன்றிலிருந்து அந்தச் சீட்டைத் தேட ஆரம்பித்தார். அது கிடைத்தால் ஆபா பக்கத்தில் வந்துவிடுவார் என்று நம்பினார். இதை என்னிடம் வெட்கமில்லாமல் சொன்னார். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, மனிதர்களைச் சமாளிக்கவே நேரம் போதவில்லை. ஆனாலும் அவரைத் தனியாக அலையவிட மனம் வராமல் சில சனிக்கிழமைகள் கூடப் போனேன். சீட் தைத்தவர் பழைய சாமான்காரருக்குப் போட்டிருந்தார். பழைய சாமான்காரர் ஈக்காட்டுத்தாங்கலில் யாரோ வாங்கிப் போனதாகச் சொன்னார். அங்கே சந்து சந்தாகத் திரிந்தோம். கடைசியில் ஒரு லேத் பட்டறை வாசலில், வேப்பமரத்தடியில், இரண்டு கட்டைமேல் அந்தச் சீட் இருந்தது. அதில் ஒரு தொழிலாளி இடது பக்கமாகச் சாய்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விலை கேட்டதற்குப் பட்டறைக்காரர் கையை உதறினார். "இன்னாத்துக்கு சார் துட்டு? தூக்கிக்கினு போ நைனா, புண்ணியமா போவும். இதுல எவன் குந்துனாலும் ஒரு பக்கமா சாஞ்சிக்கினு, ரோட்டையே பாத்துக்கினு கீறான். இன்னாடான்னு கேட்டா, வண்டி போற மாரியே கீதுன்றான்." பாய் அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் நாற்றமும் பீடி நாற்றமும்தான் இருந்தன. அதை அவரிடம் சொல்லவில்லை.

சீட் பழைய இடத்துக்கு வந்த பிறகு முன்னால் யாரையும் உட்காரவிட மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அவரைக் கேலி செய்தீர்கள், வாடகைக் காரில் வருவதுபோல எல்லோரும் பின்னால் ஏறினீர்கள். ஒருநாள் மாலை கிண்டியிலிருந்து அவர் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. இடது கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருந்தது, அதன் வழியாக அனல் என் முகத்தில் அடித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதைப் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்த பாய், இடது பக்கம் திரும்பி, "பின்னாடி கீதாம்மா இருக்காங்க. கொஞ்சம் ஏத்திக்கோ" என்றார். குரலில் நடிப்பே இல்லை. நான் என் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். ராஜ்பவன் மதில், மரங்கள், ஒரு பஸ். திரும்பியபோது அந்தக் கண்ணாடி முழுக்க ஏறியிருந்தது.

பாயின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி சுழன்றதை நான் பார்க்கவில்லை. பழைய வண்டியில் கண்ணாடி தானாக இறங்கும், அது சகஜம், என் வண்டியிலும் இறங்குகிறது. தானாக ஏறாது. வண்டிக்குள் காற்று நின்றதும் கிராம்பு வாசம் வந்தது. மெல்லியதாக அல்ல, யாரோ அப்போதுதான் கடித்ததுபோல. நான் மத்திய கைலாஷிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்றேன். பாய் வற்புறுத்தவில்லை. இறங்கும்போது, "பயப்படாதீங்க. வாசத்தைக் கழுவினதுக்கு அவ இன்னும் என்மேல கோவமாத்தான் இருக்கா. வர்றா, ஆனா பேச மாட்டேன்றா" என்றார். அதன் பிறகு நான் அந்த வண்டியில் ஏறவில்லை. அவருக்கு அது புரிந்திருந்தது, ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பாயை அடக்கம் செய்தார்கள். ஆண்கள் அடக்கத்துக்குப் போன பிறகு அவர் வீட்டு மாடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். சில நாள் கழித்து ஷமீனா என்னை அழைத்து, வண்டியை என்ன செய்யலாம் ஆன்ட்டி, வந்து பாருங்கள் என்றாள். அப்பா அந்த வண்டிக்குள்ளேயே வாழ்ந்து, பேசி, செத்துப்போனதில் அவளுக்கு ஆற்றாமை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைக் கெடுத்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள். கீழே போனோம். நல்ல பகல் வெளிச்சம். அவள் நேராக இடது கதவைத் திறந்து, நான் தடுப்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாயவில்லை. நிமிர்ந்து இருந்தாள்.

"அப்பா சொன்ன மாதிரி ஒண்ணுமில்லையே ஆன்ட்டி. சும்மா சீட்டு" என்றாள். குரலில் ஏமாற்றம்தான் இருந்தது. அம்மா அங்கே இருப்பாள் என்று அவளும் எங்கேயோ எதிர்பார்த்திருக்கிறாள். கண்ணாடி முழுக்க ஏறியிருந்தது. வண்டிக்குள் பூட்டிக் கிடந்த வீட்டின் நாற்றம் மட்டும்தான் அடித்தது.

அன்று அவரை முதலில் பார்த்த வாட்ச்மேன் பெருமாள் அப்போது பக்கத்தில் வந்து நின்றார். பாய் ஸ்டியரிங் பக்கம்தான் இருந்தார், தூங்குவதுபோல இருந்தார் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்றேம்மா, யார்கிட்டயும் சொல்லல. இந்தப் பக்கத்துக் கதவு அகலமா தொறந்து கெடந்துச்சு. அய்யா அந்தப் பக்கம் திரும்பி, கைய நீட்டிக்கினே இருந்தாரு. நீட்டுன கை விரல் மூடியிருந்திச்சு, யார் கையவோ புடிச்சிக்கினு இருக்கற மாரி. நான்தான் எடுத்து மடிமேல வச்சேன்." ஷமீனா சீட்டில் இருந்தபடியே அழுதாள். நான் அவளை இறங்கச் சொல்லவில்லை. ஆபாவின் கோபம் தீர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அவளிடம் சொன்னேன். இதயம் நின்றவர் காற்றுக்காகக் கதவைத் திறந்திருக்கலாம் என்று சேகர் சொல்கிறார். இருக்கலாம்.

பாயிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். வண்டியை ஷமீனா கொண்டுபோய்விட்டாள், அது சரிதான். நான் என் வண்டியை இப்போதும் சனிக்கிழமை காலையில் கழுவுகிறேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலை. கண்ணாடியில் அழுக்காக ஒரு வட்டம் படிந்திருக்கும், எத்தனையோ வருஷம் அதைத் திட்டிக்கொண்டே துடைத்திருக்கிறேன். போன வாரம் சுற்றிலும் துடைத்துவிட்டு அதை விட்டுவிட்டேன். அவர் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். மேலிருந்து பார்த்துவிட்டு, "அங்க ஒரு எடம் விட்டுட்ட பாரு" என்றார். தெரியும், இருக்கட்டும் என்றேன்.