தோளில் மகன், இடுப்பில் தொந்தி

குடும்பத்தோடு பழனிக்குப் போகும்போதெல்லாம் அடிவாரத்தில் செருப்புக்குக் காவல் இருந்தவன் நான். "எல்லாரும் மேல போயிட்டா இதையெல்லாம் யாரு பாத்துக்கறது?" என்று தியாகி போலச் சொல்வேன். உண்மையில், என் தொந்தியைச் சுமந்துகொண்டு முதல் மண்டபம் வரைகூட என்னால் ஏற முடியாது. பீளமேட்டில் ஒரு மில்லில் உட்கார்ந்தே பார்க்கிற உத்தியோகம். வீட்டில் எருமை நெய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், வெகுகாலம் காத்திருந்து ஒரு மகன் பிறந்தான். என் மனைவி என்னைக் கேட்காமலே வேண்டிக்கொண்டுவிட்டாள்: அப்பன் தோளில்தான் பையன் மலையேற வேண்டும்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா செருப்பைப் பாத்துக்கறேம்பீங்க. வார தை மாசத்துக்குள்ள ஒடம்பைக் கொறைச்சுப்போடுங்க."

எனக்குத் தெரிந்த ஒரே வழி ஒருபொழுது. எங்கள் பக்கத்தில் ஒருபொழுது என்றால் ராத்திரி சோறுதான் கூடாது; பலகாரத்துக்குத் தடையில்லை. ஆகவே இட்லி, நெய் தோசை, வயிறு கேட்டால் கொஞ்சம் உப்புமா என்று வைராக்கியமாக விரதம் காத்தேன். பிறகு மில்லில் பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசில் ஏறி நின்றால், எடை முன்பைவிடக் கூடியிருந்தது.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "சாமிக்கு வேணா அது விரதமுங்க. கொழுப்புக்குச் சோறும் ஒண்ணுதான், தோசையும் ஒண்ணுதான். அளவைக் கொறைங்க, நல்லா நடங்க. ரெண்டும் சேந்தாத்தான் கரையும்."

விடிந்ததும் சிங்காநல்லூர்க் குளம் வரை நடந்தேன். தட்டில் ராகிக் களியும் கொள்ளு ரசமும் வந்தன. நெய் என் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது. கொழுப்பு விடைபெற்ற வரிசைதான் விசித்திரம். முதலில் மோதிரம் கழன்றது. அடுத்துக் கன்னம் ஒட்டியது, கழுத்தெலும்பு எட்டிப் பார்த்தது. தொந்தி மட்டும் பழைய குடித்தனக்காரர் போலக் காலி செய்ய மறுத்து, மார்கழியில்தான் மூட்டை கட்ட ஆரம்பித்தது. அப்போதும் முழுசாகப் போகவில்லை. ஆனால் குனிந்து என் கால்விரல்களைப் பார்க்க முடிந்தது. வெகுநாள் கழித்துச் சந்தித்த உறவினர்களைப் போல அவற்றை நலம் விசாரித்தேன்.

தை மாதம் வந்தது. பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியில் கால் வைத்தேன். மூச்சு வாங்கியது; ஆனாலும் நான் நிற்கவில்லை. என் மனைவியின் அண்ணன் பின்னாலிருந்து கத்தினார்: "மாப்ளே, மெதுவாப் போங்க! உங்களைப் புடிக்க முடியலீங்க!" வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் இதற்கு இணை எதுவுமில்லை.

சன்னதியில் மகனைத் தூக்கிக் காட்டினேன். முருகனுக்கு அவனைக் காட்டினேனா, என் இடுப்பைக் காட்டினேனா என்று முருகனுக்கே சந்தேகம் வந்திருக்கும். வெளியே வந்து, அவனை மறுபடி தோளில் ஏற்றி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காற்று வாங்கினேன். அப்போது பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் என் ஒட்டிய கன்னத்தையே பார்த்துவிட்டு, என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாள்:

"ஏனுங்க அம்மணி, ஊட்டுக்காரரு இத்தனை நோவுல கெடக்கறாரு, அவரு மேல புள்ளையையும் ஏத்தியுட்டிருக்கறீங்களே, ஒரு டோலி வெச்சுக் கூட்டியாந்திருக்கப்படாதுங்களா?"