பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் வந்தது

மலையில் வண்டி ரிப்பேர் பார்க்கிறவனுக்கு மேகம்தான் முதலாளி. அது இறங்கினால் அன்றைக்கு வேலை உண்டு. குளிரில் கிளம்பாத காரைத் தள்ளித் தள்ளித் தோள்பட்டை இறங்கிப்போன சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ‘பாயிண்ட்’ என்று இரண்டு சின்ன முனைகள் இருக்கும். அவை ஒட்டிப் பிரிந்தால்தான் பிளக்கில் பொறி வரும். ஈரம் பட்டாலோ கரி பிடித்தாலோ பொறி வராது. வண்டி போட்ட இடத்தில் கிடக்கும்.

நான் குன்னூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். எஸ்டேட் ஜீப்புகளை நம்பிக் கடை போட்டவன். பச்சைத் தேயிலை விலை தரைக்கு வந்த வருஷங்களில் அந்த ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கைமாறி மலையிறங்கிவிட்டன. அதே சமயம், ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த அப்பா காலத்துக் கார்கள் வெளியே வர ஆரம்பித்தன. கடையை மூடிவிட்டுக் கோயமுத்தூருக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் என் கண்ணில் பட்டது. பாயிண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கறுப்பு டப்பாவைப் பொருத்தினால் போதும். தேய்மானம் இல்லை, கரி இல்லை, எல்லாருக்கும் சந்தோஷம். அப்படித்தான் நினைத்தேன்.

அரை மணி நேரம்

முதலில் மாட்டியது எஸ்டேட் ஹெட் கிளார்க் சுப்பிரமணி அண்ணனின் அம்பாசிடருக்கு. எஸ்டேட் ஆபீஸ் வாரத்துக்கு மூன்று நாள்தான் என்று ஆகிவிட்டதால் மீதி நாளெல்லாம் அவர் வீட்டில். தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்ப்பார், ஊதுவார், மறுபடி தேய்ப்பார். அரை மணி நேரம் போய்விடும். கிட் மாட்டியதும் முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. அண்ணன் முகத்தில்தான் ஈயாடவில்லை. “இனி நான் என்னத்தைங்க தேய்க்கிறது?” என்றார். “பானெட்டையே தொட வேண்டாங்க” என்றேன் பெருமையாக.

நாலாம் நாள் அவர் மனைவி ருக்மணி அக்கா கடை வாசலில் நின்றார். அண்ணன் இப்போது அந்த அரை மணி நேரத்தைச் சமையலறையில் கழிக்கிறாராம். மசால் டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் ஒட்டியாகிவிட்டது. ரசம் எத்தனை நிமிஷத்தில் நுரை கூடுகிறது என்று பக்கத்தில் நின்று கடிகாரம் பார்க்கிறாராம். அக்கா கையெடுத்துக் கும்பிட்டே சொன்னார்: “ஏனுங்க, அந்தப் பழைய பாயிண்ட்டு உங்ககிட்டத்தான இருக்குது? அதையே மாட்டி உடுங்க. காரு ஓடாட்டிப் போகுது, மனுசன் ஊட்டுக்கு வெளிய நிக்கட்டும்!”

கல்யாணக் கார்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டமும் சின்ன ஃபேக்டரியும் வைத்திருந்தவர் போஜன். அவருடைய அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கிய ‘மைனர்’ என்கிற சீமைக் கார் அவரிடம் இருந்தது. மகளுக்கு மறுநாள் கல்யாணம். பெண் அந்தக் காரில்தான் மாப்பிள்ளை ஊருக்குப் போகவேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஆசை. “நடுவழியில நின்னா அவங்க ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. நிக்காத மாதிரி பண்ணிக் குடுங்க” என்றார்.

அந்தக் காலத்துச் சீமைக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் வயரைப் பாடியோடு மாட்டியிருப்பார்கள். பிற்பாடு வந்த வண்டிகளில் மைனஸ். கிட்டும் மைனஸ் வண்டிக்கானதுதான், மாற்றி மாட்டினால் எரிந்துபோகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினேன், புது டப்பாவிலிருந்து நூல் நூலாகப் புகை. பதறிப்போய் வாயால் ஊதி அணைத்தேன். குப்பைத் தகரத்தில் எறிந்திருந்த பழைய பாயிண்டைப் பொறுக்கித் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் கல்யாணக் காருக்குப் பின்னாலேயே ஸ்பானர் பையோடு ஸ்கூட்டரில் போனேன். கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. என் ஸ்கூட்டர்தான் இரண்டு தரம் நின்றது.

போஜன் என்னைத் திட்டியிருக்கலாம். புகை வந்தபோது அதையே பார்த்துக்கொண்டு நின்றவர் இவ்வளவுதான் சொன்னார்: “எங்க ஃபேக்டரி சிம்னியில மூணு மாசமாப் புகையே இல்லீங்க. இங்கயாவது வருதேன்னு பாத்தா, நீங்க ஊதி அணைக்கிறீங்களே!”

மச்சான் ஸ்விட்ச்

கேத்தியில் கேரட் போடுகிற ராஜுவிடம் ஒரு பழைய ஹெரால்டு கார். அவருடைய மச்சான் கந்தசாமி, தேயிலை விலை விழுந்ததில் சொந்த ஜீப்பை விற்றவர். அதிலிருந்து தினமும் வந்து, “மாப்ளே, ஒரு எட்டு ஊட்டி வரைக்கும்” என்று சாவிக்குக் கை நீட்டுவார். “பாயிண்ட் போச்சு மச்சான்” என்று ராஜு தப்பித்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரானிக் மாட்டியது ஊருக்கே தெரிந்துவிட, அந்தச் சாக்கும் போயிற்று. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ரகசிய ஸ்விட்ச் வைத்துத் தரச் சொன்னார். அதை அணைத்துவிட்டால் பொறி வராது. வைத்தேன்.

அடுத்த வாரமே, கிளம்ப மறுத்த அந்த ஹெரால்டை ரிப்பேர் பார்க்கவென்று ஒரு கேரட் லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு மச்சான் என் கடைக்கு வந்துவிட்டார். பின்னாலேயே ராஜு. மச்சான் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லிவிடாதே என்று எனக்குக் கும்பிடு போடுகிறார். நான் என்ன செய்ய? டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்தேன், கோத்தேன், காயிலைத் தட்டினேன், பிளக்கை முகர்ந்தேன். ஒரு மணி நேரம் ஓடியது. அலுத்துப்போன மச்சான் வண்டிக்குள் ஏறிக் காலை நீட்டினார். ‘டிக்’ என்றது. அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார், வண்டி கிளம்பிவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ராஜுவிடம் சொன்னார்: “மாப்ளே, இத்தனூண்டு ஸ்விட்சு தெரியாம இந்த ஆளு வண்டியவே பிரிச்சுப் போட்டுட்டான். இனிமே வண்டி எங்கிட்டயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்!”

தேவர்சோலை அழைப்பு

கூடலூர் மிளகு வியாபாரி வர்க்கி சேட்டன் காரில் பெட்ரோல் அளவு காட்டும் முள் செத்துப் பல வருஷம். ஒரு குச்சியை டேங்கில் விட்டு ஆழம் பார்த்துத்தான் வண்டி எடுப்பார். கிட் மாட்டிய கொஞ்ச நாளில், தேவர்சோலையில் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டார். “நிங்ஙளோட எலக்ட்ரானிக் செத்துப் போயி!” கல்யாணக் காரின் புகை கண்ணுக்குள் வர, இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். டப்பா நன்றாக இருந்தது. காயில், பிளக், எல்லாம் சுகம். கடைசியில் டேங்க் மூடியைத் திறந்து காரைக் குலுக்கினேன். சத்தமே இல்லை.

“குச்சி எங்கே சேட்டா?” என்று கேட்டேன். கிட் மாட்டிய அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டாராம். அவர் முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லை, ஏமாந்துபோன வருத்தம்தான். “எலக்ட்ரானிக்னு பறஞ்சல்லோ, அதுக்குப் பெட்ரோலும் வேணோ?”

அந்தக் கிட்டுகளால் என் கடை பிழைத்தது உண்மைதான் என்றாலும், இந்த மலையில் கார் கிளம்புவதால் நிம்மதியடைகிறவர்களைவிட, அது கிளம்பாததால் நிம்மதியாக இருந்தவர்களே அதிகம் என்று எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம்.