பியானோவில் இல்லாத சுரம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஊரின் லிட்கம் மண்டபத்தில், சுவீடன் நாட்டு வயலின்காரர் தன் ஊர்ப் பாட்டின் ஒரு சுரம் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருப்பதாகச் சொல்லி, மேடையிலிருந்த பியானோவை ஓரமாகத் தள்ளச் சொன்னார். தள்ளும்போது வந்த பூச்சி உருண்டை வாசம் என்னை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பாட்டறைக்கு இழுத்துப் போனது. சண்டை முடிந்து இரண்டு வருடமாகியும் வெறும் நிலமாகக் கிடக்கும் அந்த இடத்தில்தான், உள்ளே உருண்டை போட்ட ஒரு பியானோவும், மாரியில் ஒட்டிக்கொள்ளும் அதன் கட்டைகளும், அதற்குப் பக்கத்தில் பிரம்போடு ரீச்சரும், காலைதோறும் நாங்கள் இழுத்து இழுத்துப் பாடிய ஒரே கீதமும் இருந்தன.

"கட்டையில இல்லாத சுரம் உன்ர தொண்டைக்குள்ள எப்பிடி வந்தது? வெளிய நில்லு" என்று ரீச்சர் அக்காவைப் பாட்டுக் கோஷ்டியிலிருந்து நிறுத்தினார். அதன்பிறகு அக்கா கிணற்றடியில்கூடப் பாடவில்லை. சங்கீதக் காதே இல்லாத நான், வாயை மட்டும் அசைத்துக் கடைசிவரை முன்வரிசையில் நின்றேன்.

வயலின்காரர் அந்தச் சுரத்தை வாசித்து முடிக்க, சபை எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்த அக்கா எழும்பவில்லை.

"இதைத்தானேடா நானும் பாடினனான்?"

"ஓம்" என்றேன், காது இல்லாமலே.

"இந்தாள் பியானோவைத் தள்ளுது. அவ என்னைத் தள்ளினவ."