ஆட்ட அறிவுக்கு எத்தனை மார்க்

போன வருஷம் மாவட்டப் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்க மூன்று பேரைப் போட்டார்கள். அதில் நான் ஒருத்தி. கடலூரில் பள்ளி விளையாட்டு டீச்சராக இருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் டிஃபென்ஸ் ஆடியவள். இன்னொருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பழைய ஆட்டக்காரர். எல்லாருக்கும் அவர் சார்தான். மூன்றாவது ஆள், புதிதாகச் சான்றிதழ் வாங்கியிருந்த பயிற்சியாளர்.

தேர்வு சிதம்பரத்தில். காலை ஏழு மணிக்கே நாற்பது பெண்கள் வந்துவிட்டார்கள். சார் எல்லாரையும் உட்காரவைத்து, கால்பந்து எங்கிருந்து வந்தது என்று பேச ஆரம்பித்தார். சீனாவில் ரொம்ப காலத்துக்கு முன்பே தோல் பந்தை உதைத்து ஆடியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி ஒரு விதி வைத்து ஆடி, கையால் தொடலாமா கூடாதா என்று சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அப்புறம் ஆட்டம் கப்பலேறி உலகமெல்லாம் போனது. அவர் சொன்னதில் ஒரு விஷயம் எனக்குப் புதிது. ஆரம்பத்தில் பாஸ் கொடுக்கும் பழக்கமே பெரிதாக இல்லையாம். பந்து கிடைத்தவன் தள்ளிக்கொண்டே ஓடுவான், மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்தால் சுலபம் என்று பிற்பாடுதான் கண்டுபிடித்தார்களாம். வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் பாதிப் பேர் அதைக் கேட்கவில்லை.

எங்கள் கையில் ஒரு தாள். ஓட்டம், பந்தோடு ஆளைத் தாண்டிப் போகும் ட்ரிப்ளிங், ஷாட், பந்தைக் கீழே விடாமல் காலில் தட்டுவது, கடைசியில் ஆட்ட அறிவு. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஆட்ட அறிவை எதை வைத்து அளப்பது என்று தாளில் இல்லை. உண்மையைச் சொன்னால், நன்றாக ஓடினவளுக்கு அதிலும் ஏழோ எட்டோ போடுவதுதான் எங்கள் வழக்கம்.

பக்கத்து ஊரான கிள்ளையிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள். இருபத்து நாலு வயது, மெடிக்கல் ஷாப்பில் வேலை. ஓட்டத்தில் கடைசிக்கு முந்தின ஆள். பந்தைத் தட்டச் சொன்னால் எட்டாவது தட்டில் கீழே விட்டாள். பிறகு இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டோம். நடுக்களத்தில் நின்றவள் அதிகம் ஓடவில்லை. சோம்பேறி என்று நினைத்து ஆட்ட அறிவுக்கு நாலு போட்டேன்.

டீ குடிக்கும்போது பயிற்சியாளர் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். கடலூர் ஃபார்வர்ட் ஒருத்தியைப் பார்க்கத்தான் கேட்டேன். மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போவாள், எங்கள் எல்லாருக்கும் அவளைப் பிடித்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது ஓரத்தில் கிள்ளைப் பெண் தெரிந்தாள். பந்து எங்கோ கிடக்க, அவள் தலை மட்டும் இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் பந்து வருவதற்கு முன்பே இரண்டடி நகர்ந்து காலியான இடத்தில் நிற்கிறாள். ஆனால் அவளுக்கு யாரும் பாஸ் கொடுக்கவே இல்லை.

வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிறகு சாரிடம் போய், இன்னொரு முறை ஆடவிடலாம் என்றேன். மார்க் போட்டாகிவிட்டது, இனி மாற்றினால் ஊரில் ஆயிரம் பேச்சு வரும் என்றார். பதினைந்து நிமிஷம் போதும், நடுவில் விசில் அடித்து நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்போம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விசிலை அவரே வாங்கிக்கொண்டார்.

முதலில் ஃபார்வர்டைக் கேட்டோம். பந்து தன் காலில் இருக்கிறது, எதிரே ஒருத்தி நிற்கிறாள் என்று மட்டும் சொன்னாள். அடுத்தவர்கள் இரண்டு மூன்று பேரைச் சொன்னார்கள். கிள்ளைப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, தன் ஆட்கள் எல்லாரையும் வரிசையாகச் சொன்னாள். எதிரணியில் இடது பக்கம் ஆள் இல்லை என்றாள். கோல்கீப்பர் கோல் கோட்டிலிருந்து ரொம்ப முன்னால் வந்திருக்கிறாள் என்றும் சொன்னாள். திரும்பிப் பார்த்தோம். அப்படித்தான் நின்றிருந்தாள்.

சார் அவள் பக்கத்தில் போய், இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“நான் ஸ்லோ சார். முன்னாடியே பாத்து வெச்சிக்கலன்னா என்னால போய்ச் சேர முடியாது” என்றாள்.

சார் தன் தாளைத் திருத்தினார். நானும் திருத்தினேன்.

சாயந்தரம் கிள்ளை பஸ்ஸுக்காக அவள் நின்றிருந்தாள். மனசு கேட்கவில்லை. முதலில் நாலு மார்க்தான் போட்டேன், சோம்பேறி என்று நினைத்தேன் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

“எல்லாரும் அப்டித்தான் நெனக்கிறாங்க டீச்சர். எங்க ஊர் டீம்லயும் ஆள் கொறஞ்சாதான் என்னக் கூப்புடுவாங்க.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம், இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்கு இப்படி நாலு போட்டு அனுப்பியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பதினெட்டுப் பேர் அணியில் அவளையும் எடுத்தோம். கடலூரில் நடந்த முதல் ஆட்டத்தில் இறக்கவில்லை, தோற்றோம். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, இடைவேளைக்குப் பிறகு இறக்கினோம். ஃபார்வர்ட் முதலில் அவளைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்த பிறகு வேறு வழியில்லாமல் அவளிடம் தள்ளினாள். கிள்ளைப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், காலியாகக் கிடந்த இடது பக்கம் ஒரே தட்டு. ஃபார்வர்ட் அங்கே ஓடிப்போய்ச் சேர்ந்தாள். கோல். ஆட்டம் சமனில் முடிந்தது. நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஃபார்வர்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கிள்ளைக்குப் போய் அவளோடு பயிற்சி எடுக்க ஆரம்பித்தாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை, தானாகத்தான் போகிறாள்.