சாக்கில் வந்த முகம்

குலசிங்கம் அண்ணையைப் பற்றிக் கனடாவின் மில்லிக்கனில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: சீதனம் வாங்காமல் கலியாணம் செய்த மனிதர். ஒரு சதமும் வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்புங்கள் என்று ஊருக்கு எழுதி யோகமலர் அக்காவைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர். "இருந்தால் அவரைப்போல இருக்க வேணும்" என்று என் மனிசனுக்கு நானே எத்தனையோ தரம் குத்திக் காட்டியிருக்கிறேன். போன மாரியோடு அந்தக் கதையை விட்டுவிட்டேன்.

தொழிற்சாலையில் தோள்மூட்டு விலகி வேலையை விட்டபிறகு, அண்ணை நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமூக நிலையத்தில் வியாழன் மாலைகளில் பத்துக் கிழமை வகுப்பு ஒன்று நடந்தது. சாக்குத் துணியில் கம்பளி நூலால் முகம் செய்யப் பழக்குவார்கள். முகத்தில் அவரவர் பண்பாடு தெரியவேண்டும். நான் ஏற்கெனவே சேர்ந்திருந்தேன். யோகக்கா அண்ணையின் பெயரையும் கொடுத்துவிட்டார். கார் என்னுடையது, ஏற்றி இறக்குவதும் என் தலையில் விழுந்தது.

யோகக்காவுக்கு ஒரு எண்ணம் இருந்தது. அவருடைய தம்பி அன்புராசாவைத் தொண்ணூற்றாறில் ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிச் சிப்பாய்கள் கொண்டுபோனார்கள். பத்தொன்பது வயது. பிறகு ஒரு தகவலும் இல்லை. மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த முத்திரை அளவுப் படம் ஒன்றுதான்.

"இஞ்சாருங்கோ, அவன்ர முகத்தைப் பெரிசாச் செய்து தாங்கோ. ஹோலில கொழுவ வேணும்" என்றார். அண்ணை தலையைக் குனிந்தபடி ஓம் என்றார்.

இரண்டாம் கிழமை, வகுப்பு நடத்தும் ஜெசிகா, இங்கே பிறந்த தமிழ்ப் பெட்டை, ஆளுக்கொரு மரச்சட்டம் தந்தாள். அதில் சாக்கை இழுத்து ஆணி அடித்திருந்தது. அண்ணை சாக்கில் கை வைத்தார், உடனே எழும்பி வெளியே போய்விட்டார். உறைகிற குளிரில் ஜாக்கெட் இல்லாமல் என் காருக்குப் பக்கத்தில் நின்றார். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"பேர்ணடெற்" என்று என்னைக் கூப்பிட்டார். "அது நான்தான்."

"என்ன நீங்கள்தான்?"

"அன்புராசாவைப் பிடிச்ச அண்டைக்குச் சாக்குக்குள்ள இருந்தது நான்தான்."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது விளங்காது. எங்கள் வயதுக்காரருக்குச் சாக்கு என்றாலே சுற்றிவளைப்புத்தான். ஆமி ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களை வரிசையாக நடக்கவிடும். ஜீப்பில் ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவன் போனான். சாக்குக்குள் இருந்தவனை நாங்கள் தலையாட்டி என்போம். அதைவிடக் கேவலமான சொல் எங்களிடம் இல்லை.

அவரையும் பிடித்து அடித்துத்தான் சாக்கைப் போட்டார்களாம். இருக்கட்டும். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. சீதனம் வாங்காத மாப்பிள்ளை! அந்த வீட்டில் வாங்க முகம் இருந்தால்தானே!

"பாவசங்கீர்த்தனம் கேக்க நான் என்ன சுவாமியாரோ? யோகக்காவிட்டச் சொல்லுங்கோ" என்று கத்தினேன்.

"சொல்லுறன். படம் முடியிறதுக்குள்ள சொல்லுறன்."

அடுத்த கிழமை வந்து இருந்தார். கொக்கி ஊசியைச் சாக்கின் இழைக்குள் விட்டு, கீழே பிடித்திருக்கும் நூலை மேலே சின்ன வளையமாக இழுக்கவேண்டும். ஆயிரக்கணக்கான வளையம் சேர்ந்தால்தான் ஒரு கன்னம். அண்ணை விலகிய தோளைச் சட்டத்தோடு முட்டுக்கொடுத்துக்கொண்டார். இழுத்ததைப் பிரித்தார், பிரித்ததை இழுத்தார். அன்புராசாவின் நிறம் எந்த நூலிலும் இல்லை என்று வெள்ளைக் கம்பளியைத் தேயிலைச் சாயத்தில் அவித்துக்கொண்டு வந்தார். நான் மடுக் கோயில் மாதாவைச் செய்தேன். மூக்கு கத்தரிக்காய்போல வந்தது. அவருடைய கையில் ஒரு பெடியன் உயிரோடு வந்துகொண்டிருந்தான்.

ஒவ்வொரு வியாழனும் காரில் கேட்பேன். "சொன்னியளோ?"

"இல்லை. வாற கிழமை."

கண்ணை மட்டும் அவர் தொடவில்லை. "அங்கிள், கண்தான் ஃபர்ஸ்ட் செய்யோணும். இல்லாட்டி ஃபேஸ் சரியா வராது" என்றாள் ஜெசிகா. பிறகு செய்வம் என்றார். ஒன்பதாம் கிழமை முழு முகமும் வந்துவிட்டது. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வட்டம் வெறும் சாக்கு. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

கடைசி நாள் யோகக்கா ஒரு தட்டு றோல்ஸோடு வந்தார். மற்றவர்கள் அதைச் சுற்றிக் கூடியபோது, அவர் நேரே சட்டத்தடிக்கு வந்து கன்னத்தைத் தடவினார்.

"அவனேதான். ஐயோ, அவனேதான். கண் எங்கையப்பா?"

அண்ணை சொன்னார். நின்றபடியே, முழுவதையும் சொன்னார். கடைசியில், "நான் ஆட்டேல்லை யோகம். சாக்குத் தூசிக்குத் தும்மல் வந்தது, தலை குனிஞ்சுபோச்சு. அவங்கள் அதை ஓமெண்டு எடுத்திட்டாங்கள்" என்றார். இந்தத் தும்மலை என்னிடம் அவர் சொல்லியிருக்கவில்லை.

யோகக்கா அழவில்லை. "தும்மினனீங்கள். சரி. பிறகேன் இல்லையெண்டு தலையை ஆட்டேல்லை?"

அண்ணை திரும்பவும் சாக்குத் தூசியில் தொடங்கினார்.

"சாக்குச் சொல்லாதேங்கோ" என்றார் யோகக்கா. கதிரையை இழுத்துச் சட்டத்துக்கு முன்னால் வைத்தார். "இருங்கோ. இருந்து கண்ணை வையுங்கோ. அண்டைக்கு அவன் உங்கட முகத்தைக் காணேல்லை. இண்டைக்கு வடிவாப் பாக்கட்டும்."

அண்ணை இருந்தார். கறுப்பு நூலை எடுத்தார். மற்றவர்கள் போய், ஜெசிகாவும் ஊசிகளை எண்ணிப் பெட்டிக்குள் வைக்கும்வரை இரண்டு கண்ணும் செய்தார். முடித்தபிறகு அந்தப் பெடியனுக்கு முன்னால் அவர் நிமிரவேயில்லை.

யோகக்கா சட்டத்தைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார். படம் பின்சீட்டில் இருந்தது. அண்ணை பஸ் தரிப்பிடத்தில் நின்றார். காரில் இடம் இருந்தும் நாங்கள் கூப்பிடவில்லை.

ஸ்டீல்ஸ் வீதிச் சிவப்பு விளக்கில் நின்றபோது யோகக்கா கேட்டார். "பேர்ணடெற், உம்மட்டை உவர் முதலே ஏதும் சொன்னவரோ?"

சொன்னியளோ, சொன்னியளோ என்று எட்டுக் கிழமையாக அந்த மனிதரில் ஏறி விழுந்த வாய் இது.

"இல்லையக்கா" என்றேன்.