மூலைமட்டம் தப்பிய கதவு

கறம்பக்குடியில் வெற்றிசெல்வன் கதவுப் பட்டறை வைத்திருந்தான். கணினியில் வரைந்த படத்தை மரத்தில் செதுக்கும் சி.என்.சி. ரௌட்டர் அங்கே இருந்தது. அதை ஓட்டியது அவன் மனைவி சுடர்விழி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். வாடிக்கையாளர் வந்தால் மட்டும் வெற்றிசெல்வன் இயந்திரத்தருகே போய் நின்றுகொள்வான்.

அரிமளத்துச் சிவசாமி தலைவாசல் கதவு பார்க்க வந்த அன்றும் அப்படித்தான் நின்றான். சுடர்விழி பின்பக்கம் மரத்தூளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பலகையைப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்ப் பாதையில் நிற்பதைக் கவனிக்காமல், பேச்சுவாக்கில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டான். மேசைக்குக் குறுக்கே நின்று முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பாலம் கிளாம்பில் மோதி ஒரு முனையில் நின்றுபோனது. மறுமுனையை அங்கிருந்த மோட்டார் இழுத்துக்கொண்டே போயிற்று. அவள் ஓடிவந்து நிறுத்தினாள்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் சிவசாமி.

"வீட்ல கிளாம்ப மாத்திப் போட்டுட்டாங்க. சொன்னாக் கேட்டாத்தான?"

கிளாம்பைப் போட்டவன் அவனே. வெளியாள் எதிரில் எதற்கு என்று சுடர்விழி குனிந்து கிளாம்பைக் கழற்றினாள்.

அவர் போனபின் ஒரு சதுரத்தை வெட்டி, மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு குறுக்களவும் ஒத்துவரவில்லை. பாலம் சாய்ந்திருந்தது.

"அங்கிட்டு நின்னு தள்ளுங்க" என்றாள்.

கரண்டை நிறுத்தி, போல்ட்டுகளைத் தளர்த்தி, ஆளுக்கொரு முனையாகப் பாலத்தைத் தள்ளி இரண்டு பக்கத்துத் தடுப்பிலும் முட்டவைத்தார்கள். போல்ட்டை முறுக்கி, மறுபடி வெட்டி அளந்தார்கள். இன்னும் தப்பியது. மறுபடி தளர்த்தினார்கள்.

"ஏங்க என்மேல சொன்னீங்க?" முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நான் இடிச்சேன்னு சொன்னா ஆர்டர் வருமா? ஒன்னையத்தான சொன்னேன், வேத்தாளையா சொன்னேன்?"

வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் சாய்ந்திருந்தது. அதன் முதுகில் மெல்லிய தகர நறுக்கைச் செருகி நிமிர்த்தினாள். பொழுது சாயும்போது சதுரம் சதுரமாக வந்தது.

கதவை எடுக்க வந்த சிவசாமி விளிம்பைத் தடவிப் பார்த்தார். "நல்லா சரிபண்ணிட்டியேப்பா. இனிமே அந்தப் புள்ளைய மெஷின்ல விடாத."

"விடுறதில்லங்க" என்று வெற்றிசெல்வன் சிரித்தான்.

சொன்னபடியே செய்தான். ஆள் இருக்கும் நேரமெல்லாம் அவளுக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலைதான். சில மாதம் பொறுத்தவள், அவனிடம் சொல்லாமல் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு பெரிய பட்டறையில் ஆபரேட்டர் வேலை கேட்டாள். முதலாளி மரியாதையாக உட்காரவைத்து ஊரை விசாரித்தார்.

"கறம்பக்குடியா? வெற்றிசெல்வன் வீட்டுக்காரங்களா? மெஷினை இடிச்சது நீங்கதான?"

"நான் இல்லங்க."

"அவரே சொன்னாரேம்மா."

அவள் எழுந்து வெளியே வந்தாள். பஸ் ஏறி ஊர் திரும்பி, நேரே பட்டறைக்குப் போனாள். எங்கே போனாய் என்றுகூட வெற்றிசெல்வன் கேட்கவில்லை. தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"மூல கொஞ்சம் தப்புது. பாரு."

சுடர்விழி ஸ்பானரை எடுத்தாள்.