செங்கல்லைப் பார்த்த சன்னல்

அந்தச் சன்னலைத் திறந்தால் கை மணிக்கட்டு வரைதான் வெளியே போகும். அதற்கு மேல் செங்கல். திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் யாரோ குடோன் கட்டியபோது, நடு வீடுகளின் சன்னல்களை அதன் சுவர் அடைத்துவிட்டது. எங்களுடையது கடைசி வீடு என்பதால் தெருப்பக்கச் சன்னல் தப்பித்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காற்று இல்லாத வீட்டுக்கு வாடகை குறைவு. அதற்காகத்தான் அவர் அங்கே இருந்தார்.

அக்கா ஜாக்கெட் தைப்பவர். பகலிலும் டியூப்லைட் போட்டு மெஷினை மிதித்துக்கொண்டிருப்பார். ஈரம் ஊறி ஓதம் காத்த சுவரில் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருக்கும். துடைத்தாலும் அதே இடத்தில், அதே உருவத்தில் திரும்ப வந்து நிற்கும். "எல்லார் வூட்டு சன்னல்லயும் தெரு தெரியுது கண்ணு. எனக்கு செங்கல்லுதான் வேடிக்கை" என்று அவரே சிரிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும். அடுக்கடுக்காக இருமி, கடைசியில் விசில் போல ஓர் இழுப்பு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இருமல் கேட்டால் நான் கரண்டிக் காம்பால் தட்டுவேன். அவர் கத்தரிக்கோலால் பதில் தட்டுவார்.

ஓர் ஐப்பசி மழையில் இழுப்பு முற்றி, பேச முடியாமல் கிடந்தார். வீட்டுக்காரம்மா வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை. "தப்பா நெனைச்சிக்காதம்மா. வாடகை வூட்ல சாவு வுழுந்தா அப்புறம் ஒருத்தரும் குடி வரமாட்டாங்க. உங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடு." ஊரில் எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வதுதான். ஆனாலும் எனக்கு ஆத்திரம் தாளவில்லை. அண்ணன் ஒலக்கூரிலிருந்து ஆட்டோவோடு வந்து அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார். இனி உயிரோடு பார்க்க மாட்டோம் என்றே நினைத்தேன்.

நான் பிரசவத்துக்கு விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, அடுத்த மழைக்காலத்தில்தான் கைக்குழந்தையோடு திரும்பினேன். வந்த அன்று விளக்கேற்றும்போது சுவருக்குள்ளிருந்து அதே இருமல். அதே அடுக்கு, அதே விசில். அக்கா செத்துத் திரும்பி வந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. கரண்டிக் காம்பால் தட்டினேன். பதில் வரவில்லை. வெளியே ஓடிப் பார்த்தால், பக்கத்து வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெண் மூச்சு வாங்க நின்றிருந்தாள். "குடி வந்தப்ப நல்லாதாங்க்கா இருந்தேன்" என்றாள்.

சில நாளில் அக்காவே குழந்தையைப் பார்க்க வந்தார். அண்ணன் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, போட்டுக்கொடுத்த ஷீட் வீட்டில், நாலு பக்கமும் காற்று; உடம்பு தேறியிருந்தார். குழந்தையை மடியில் வாங்கியபோது சுவர் இருமியது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"என் இருமல்தான் கண்ணு அது. இங்கியே வுட்டுட்டுப் போயிருக்கேன்."

நேரே போய் அந்தப் பெண்ணிடம், காலி பண்ணிவிடு என்று கெஞ்சினார். "இந்த வாடகைக்கு வேற எங்கக்கா கெடைக்கும்?" என்றாள் அவள்.

அந்த மாதமே நாங்கள் விழுப்புரம் வந்துவிட்டோம். போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். அக்கா இருந்த வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டிய கதவில் காதை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இங்கே என் சன்னல் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. இருந்தாலும் காலையில் எழுந்ததும் அதைத் திறந்து கையை வெளியே நீட்டுகிறேன். முழங்கை வரை போன பிறகுதான் குழந்தையை எழுப்புகிறேன்.